தேம்ஸ் நதியும் மொனேயின் வர்ணப் படலங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சிலே தோன்றிய மனப்பதிவுவாத ஓவியம், கணநேரக் காட்சியை இயற்கையின் முன்னின்றே தீட்டுவது எனப் பொதுவாகக் கூறப்படும். குளோட் மொனேயின் தேம்ஸ் நதி ஓவியங்கள் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றன.

1899 முதல் 1901 வரை மும்முறை இலண்டன் சென்ற மொனே, சவோய் விடுதியிலிருந்து வாட்டர்லூப் பாலத்தையும் சாரிங் குறொஸ் பாலத்தையும் தீட்டினார். நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி ஆற்றின்மீது கவிந்து கணந்தோறும் நிறம் மாறியது. ஒளி மாறுந்தோறும் அவர் ஓர் ஓவியச்சீலையை விட்டு மற்றொன்றை எடுத்தார். இவ்வாறு தொடங்கப்பட்டவை ஏறத்தாழ நூறு. அவற்றைப் பிரான்சின் ஜிவேர்னியிலிருந்த தமது கலைக்கூடத்திலே 1904 வரை திருத்தினார். உலர்ந்த வர்ணத்தின்மேல் மற்றொரு வர்ணம் ஏற, நீலத்தினூடே ஊதாவும் செம்மஞ்சளும் ஒளிர்ந்தன. அவ்வாண்டு பாரிஸில் 37 ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவை நேரிற் கண்டு தீட்டப்பட்டனவா என்பது பிறர்க்குரிய வினாவன்று என 1905இல் மொனே தமது ஓவிய வணிகருக்கு எழுதினார். ஆகவே, கணத்தின் ஓவியம் எனப்படுவது உண்மையில் ஆண்டுகளின் உழைப்பாலானது. அந்நிறங்களின் அழகில் ஒரு கைத்தொழில் நகரின் புகையும் படிந்துள்ளது. கலை வரலாற்றோடு சமூக வரலாற்றையும் இணைத்து நோக்கினாலன்றி அவற்றை முழுமையாக விளங்கிக்கொள்ளல் இயலாது.