காய்ச்சல் விட்ட பின்னும் மலேரியா மருந்து ஏன்? ஒட்டுண்ணியின் மரபணுக்களும் மருந்து எதிர்ப்பும்

மலேரியா என்பது பிளாஸ்மோடியம் எனப்படும் ஒட்டுண்ணியால் உண்டாகும் காய்ச்சல். இதனைப் பெண் அனோபிலிஸ் கொசுக்கள் பரப்புகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுபவை விவாக்ஸ், பால்சிபாரம் என்னும் இரு வகைகள். இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். செய்த அளவுக்குக் கூலி பெறும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் பலர் உடனே வேலைக்குத் திரும்புவர். எஞ்சிய மாத்திரைகள் வீட்டில் தங்கிவிடும். சில வாரங்களில் காய்ச்சல் மீண்டும் வரும்போது, "மருந்து கேட்கவில்லை" என்று கருதுவர். உண்மையில் காய்ச்சல் திரும்புவதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால் அவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

மருந்து எதிர்ப்பு எவ்வாறு உண்டாகிறது?

ஒட்டுண்ணியின் உடலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அது பல்கிப் பெருகும்போது இவற்றில் தற்செயலாக மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று மருந்திலிருந்து தப்ப உதவினால், மருந்து உட்கொண்ட உடலில் மற்றவை மடிய, அந்த ஒட்டுண்ணி மட்டும் எஞ்சிப் பெருகும். நோயாளியைக் கடிக்கும் கொசு வழியாக அது அடுத்தவரைச் சென்றடையும். குறைந்த அளவு மருந்தும் பாதியில் விட்ட மருந்தும் இத்தகைய ஒட்டுண்ணிகள் தப்பிப் பெருக இடமளிக்கின்றன.

குளோரோகுயின் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒட்டுண்ணி நமது சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செரிக்கும் சிறு பையினுள் இம்மருந்து சேர்ந்து, செரிமானத்தில் எழும் நச்சுப்பொருளை அகற்றவிடாமல் தடுத்து அதனைக் கொல்கிறது. பால்சிபாரத்தின் ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், மருந்து அப்பையிலிருந்து வெளியேற்றப்படுகிறது. இந்தியாவில் இத்தகைய எதிர்ப்பு முதன்முதலில் 1973-ஆம் ஆண்டு அசாம் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. எனவே 2010-ஆம் ஆண்டின் தேசிய மருந்துக் கொள்கை, உறுதி செய்யப்பட்ட பால்சிபாரம் நோயாளிகள் அனைவருக்கும் ஆர்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. விவாக்ஸ் மலேரியாவுக்குக் குளோரோகுயினே முதல் மருந்தாகத் தொடர்ந்தது.

மரபணுவின் எழுத்து மாறுவது மட்டுமே வழி அன்று. ஒரே மரபணுவின் படிகள் பெருகுவதாலும் எதிர்ப்பு உண்டாகலாம். தென்கிழக்கு ஆசியாவில் மெப்ளோகுயின் மருந்துக்கு எதிர்ப்பு இவ்வகையில் உருவானது.

மரபணு ஒழுங்குமுறை என்பது என்ன?

ஒட்டுண்ணி தன் மரபணுக்கள் அனைத்தையும் எப்போதும் பயன்படுத்துவதில்லை. கல்லீரலில் இருக்கும்போது சிலவும், இரத்தத்தில் பெருகும்போது வேறு சிலவும், கொசுவுக்குச் செல்லும் நிலைக்கு மாறும்போது இன்னும் சிலவும் இயங்குகின்றன. தேவைக்கேற்ப மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் இந்த ஏற்பாடே மரபணு ஒழுங்குமுறை. வீட்டின் மின்கம்பிகள் மாறாமலே எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதைச் சுவிட்சுகள் முடிவு செய்வது போன்றது இது. நோயாளிக்கு இது இரு இடங்களில் முக்கியமாகிறது.

முதலாவது, கல்லீரலில் உறக்கம். விவாக்ஸ் ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கு நிலைக்குச் சென்றுவிடும். அப்போது அவற்றின் மரபணுச் செயல்பாடு மிகவும் குறைந்திருக்கும். இரத்தத்தில் உள்ளவற்றைக் கொல்லும் குளோரோகுயின் இவற்றைத் தொடுவதில்லை. சில வாரங்கள் அல்லது பல மாதங்கள் கழித்து இவை விழித்தெழும்போது, புதிய கொசுக்கடி இல்லாமலே காய்ச்சல் திரும்பும். இது மருந்து எதிர்ப்பு அன்று, மறுபிறழ்வு. உறங்கும் நிலையை அழிக்கவே பிரைமாகுயின் 14 நாட்களுக்கு வழங்கப்படுகிறது.

இரண்டாவது, இரத்தத்தில் தற்காலிக முடக்கம். ஆர்டிமிசினின் வகை மருந்து வேகமாகச் செயல்பட்டு விரைவில் உடலிலிருந்து நீங்கிவிடும். இளம் பருவ ஒட்டுண்ணிகள் சில, தம் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அக்காலத்தைக் கடந்துவிடக்கூடும். கெல்ச்-13 என்னும் மரபணுவில் மாற்றம் கொண்டவை இதில் மேலும் திறன் பெற்றவை. கம்போடியாவில் முதலில் அறியப்பட்ட இந்நிலை இன்று ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் காணப்படுகிறது. ஆகவேதான் இம்மருந்து தனியாகத் தரப்படுவதில்லை. நீண்ட நேரம் இரத்தத்தில் தங்கும் துணை மருந்து, எஞ்சியவற்றை அழிக்கிறது.

மருந்து உட்கொள்ளும் முறை

• விவாக்ஸ்: குளோரோகுயின் 3 நாட்கள், பிரைமாகுயின் 14 நாட்கள்.
• பால்சிபாரம்: கூட்டு மருந்து 3 நாட்கள். கொசுவுக்குச் செல்லும் நிலையில் உள்ள ஒட்டுண்ணிகளை அழிக்க, இரண்டாம் நாளில் ஒரு வேளை பிரைமாகுயின்.
• மருந்தின் அளவு வயதையும் எடையையும் பொறுத்தது. பிறருக்குத் தந்த மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது. வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டாம்.
• மருந்து உட்கொண்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிக்கவும். மீண்டும் தர வேண்டியிருக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரக் கூடாது. பாலூட்டும் தாய்மார் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இம்மருந்தால் சிவப்பணுக்கள் சிதையலாம். சிறுநீர் கருமையாகவோ சிவப்பாகவோ போனாலும், கண்கள் மஞ்சளானாலும், மூச்சு வாங்கினாலும் பிரைமாகுயினை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வரவும். இக்காரணங்களைத் தவிர, மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல் திரும்பினால்

மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முதல் கடமை. முன்பு எந்த வகை மலேரியா, எந்த மருந்து, எத்தனை நாள் உட்கொண்டீர்கள், எங்கெல்லாம் பயணம் செய்தீர்கள் என்பவற்றை மறைக்காமல் கூறவும். மருந்தை விட்டுவிட்டதாகச் சொன்னால் கடிந்துகொள்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். மறுபிறழ்வா, புதிய தொற்றா, மருந்து எதிர்ப்பா என்பதை ஆராய மருத்துவருக்கு உதவுவது அத்தகவலே. டெங்கு உள்ளிட்ட பிற காய்ச்சல்களும் இருக்கலாம் என்பதால், கடையில் மாத்திரை வாங்கிச் சுயமாகச் சிகிச்சை செய்துகொள்ளக் கூடாது.

நினைவு தடுமாறுதல், வலிப்பு, தொடர் வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

சிவகாசி வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

பட்டாசு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களும், ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மலேரியா மிகுந்த மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோரும் காய்ச்சல் கண்ட அன்றே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முகவர்களும் உரிமையாளர்களும் அதற்கு விடுப்பு அளித்து உதவ வேண்டும்.

நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, தேங்கிய நன்னீரில் முட்டையிடும். மழை குறைந்த இம்மாவட்டத்தில் வீடுகளில் குடிநீரைச் சேமித்து வைப்பது தவிர்க்க இயலாதது. டிரம்களையும் தொட்டிகளையும் மூடி வைத்து, வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவவும். தொழிற்சாலைகளில் தீயணைப்புக்காக நீர் நிரப்பி வைக்கும் தொட்டிகளைக் காலியாக வைக்க முடியாது. அவற்றை வலையிட்டு மூடவும் அல்லது சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு, கொசுப்புழுவை உண்ணும் கம்பூசியா மீன்களை விடவும். வெடிமருந்து உள்ள இடங்களிலும் அவற்றை ஒட்டிய தங்குமிடங்களிலும் கொசுவர்த்தியோ புகைமூட்டமோ கூடாது, கொசுவலையே பாதுகாப்பானது.

நோயாளியைக் கவனித்துக்கொள்வோர், 14 நாட்களையும் நாட்காட்டியில் குறித்து, ஒவ்வொரு வேளை மருந்தும் தம் முன்னிலையில் உட்கொள்ளப்படுவதை உறுதி செய்யவும். ஐயங்களுக்கு 104 சுகாதாரத் தகவல் உதவி எண்ணையோ, கிராம சுகாதார செவிலியரையோ அணுகலாம்.