தொட்டில் காதும் திண்ணைக் காதும்

"இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்லும் ஆறுதலும், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்று தாத்தா சொல்லும் சமாதானமும் ஒரே வீட்டில் கேட்கக்கூடியவை. இரண்டுமே நாளைக் கடத்தும். ஆனால் நட்டக் கணக்கு வேறு.

பிறவியிலேயே கேளாத குழந்தையும் சிரிக்கும், சில மாதங்கள் குரலெழுப்பி விளையாடும், கதவு அறைந்தால் அதிர்வை உணர்ந்து திரும்பவும் செய்யும். கைதட்டிப் பார்த்து ஏமாறுவது அதனால்தான். ஆரோக்கியமான உட்செவி, கேட்ட ஒலிக்கு எதிரொலி போல மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் காட்டினார். பச்சிளம் குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடியும் ஓஏஇ சோதனை அதிலிருந்து பிறந்தது. செவி நரம்பின் கோளாறு அதற்குத் தப்பிவிடும். அதைப் பிடிக்கப் பெரா சோதனை வேண்டும். ஒரு மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வைக்கும் கெடு.

பெரியவருக்கு இவ்வளவு பாடில்லை. ஹெட்போனில் ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தினால் ஆடியோகிராம் தயார். அவரைச் சோதனைக்கு அழைத்துப் போவதுதான் பாடு. முதுமையில் முதலில் மங்குவது உச்ச சுருதி. குரல் காதில் விழும், ச, ஸ போன்ற மெய்கள் நழுவும். கேட்கிறது, புரியவில்லை என்று அவர் சொல்வது உண்மைதான்.

காது மிஷின் இருவருக்கும் உண்டு. ஆனால் தாத்தாவின் தலைக்குள் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைக்கோ மொழியே இனிமேல்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது மிஷின் போதாத சிறு குழந்தைகளுக்கு, உட்செவியில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் செய்கிறார்கள், பெரிய உதவி. ஆனால் அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. கருவியை இயக்கும் முதல் நாளில் குழந்தைக்குக் கேட்பது பொருளற்ற சத்தம். அதைச் சொல்லாக்குவது ஆண்டுக்கணக்கான பேச்சுப் பயிற்சி. என்னைக் கேட்டால், அறுவையைவிட அதுவே பெரிய வைத்தியம்.

ஒரே ஓர் இடத்தில் பெரியவரின் கெடு குழந்தையுடையதைவிடக் குறுகியது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் குறும்பி என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஸ்டீராய்டு மருந்து நன்றாக வேலை செய்வது முதல் இரண்டு வாரங்களுக்குள்.