யுனிவர்சல் படக் கம்பெனியின் தோற்றமும் எச்சமும்

திரைப்படக் கம்பெனிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவை எடுத்த படங்களிலிருந்தே தொடங்குதல் வழக்கம். படங்கள் கைவசம் இருப்பின் அம்முறை தக்கதே. ஆனால், ஹாலிவுட்டின் தொன்மையான கம்பெனிகளுள் ஒன்றாகிய யுனிவர்சலின் முதல் 18 ஆண்டுகளை ஆராய்வோர்க்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது. 1912 முதல் 1929 வரை அக்கம்பெனி எடுத்த ஊமைப்படங்களுள் பெரும்பகுதி இன்று இல்லை. சில, காலத்தாலும் தீயாலும் அழிந்தன. எஞ்சியவற்றுள் பலவற்றைக் கம்பெனியே தன் கையால் அழித்தது. திரைப்படத்தைத் தடையின்றிக் காட்டும் உரிமைக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்ற ஒரு நிறுவனம், தான் எடுத்த படங்களைத் தானே அழிக்கத் துணிந்தது எங்ஙனம்? இவ்விரு செயல்களும் முரண்பட்டனபோலத் தோன்றும். இரண்டும் ஒரே மனப்பான்மையிற் பிறந்தவை என்பதே எம் கருத்து.

கம்பெனியை நிறுவிய கார்ல் லெம்லி 1867-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் ஜெர்மனியின் லௌப்ஹைம் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1884-இல் அமெரிக்கா சென்று பல சிறு வேலைகள் பார்த்தார். பின்னர், விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் ஓர் ஆடைக் கடையிற் கணக்கராக அமர்ந்து மேலாளராக உயர்ந்தார். நாற்பதை நெருங்கும் வயதில், 1906 பிப்ரவரியில், சிக்காகோ நகரத்தில் ஒரு சிறு படக் கொட்டகையைத் தொடங்கினார். ஐந்து சென்ட் நாணயமாகிய 'நிக்கல்' ஒன்றைக் கொடுத்து உட்புகும் இத்தகைய கொட்டகைகளை 'நிக்கலோடியன்' என்று அந்நாட்டார் அழைத்தனர். விரைவிலேயே பிற கொட்டகைகளுக்குப் படச்சுருள்களை வாடகைக்கு விடும் தொழிலிலும் அவர் இறங்கினார். படம் எடுப்பதற்கு முன்பே படம் காட்டுபவராகவும் படம் வழங்குபவராகவும் அவர் இருந்தார் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். சரக்கு நாள்தோறும் புதிதாக வர வேண்டும். வந்தது விலைபோக வேண்டும். விலைபோகாதது இடத்தை அடைக்கக் கூடாது. ஆடைக் கடை கற்பித்த இப்பாடம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

அவர் தொழில் தழைத்துவரும் வேளையில், 1908 டிசம்பரில், எடிசன், பயோகிராப், வைட்டகிராப் முதலிய கம்பெனிகள் ஒன்றுகூடித் தம்முடைய காப்புரிமைகளைத் திரட்டி 'மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி' என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதன் உரிமம் பெற்றோரே படம் எடுக்கலாம். அதன் படங்களை மட்டுமே கொட்டகைகள் காட்டலாம். கொட்டகைக்காரர் ஒவ்வொருவரும் தம் புரொஜெக்டருக்காக வாரந்தோறும் இரண்டு டாலர் கட்ட வேண்டும். ஈஸ்ட்மன் கம்பெனியும் தொடக்கத்தில் உரிமம் பெற்றோருக்கே கச்சாப் படச்சுருளை விற்பதாக உடன்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பொறியை ஓட்டுவதற்கு வாரா வாரம் வரி செலுத்துவது கடைக்காரர் எவர்க்கும் பிடிபடாத கணக்கு. 1909 ஏப்ரலில் லெம்லி கூட்டமைப்பினின்றும் வெளியேறினார். காட்டுவதற்குப் படம் வேண்டுமே! ஆகவே தாமே படமெடுக்கத் துணிந்து, அவ்வாண்டிலேயே 'இண்டிபெண்டன்ட் மூவிங் பிக்சர்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர் மீது கூட்டமைப்பினர் 289 வழக்குகள் தொடுத்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இப்போராட்டத்தின் இடையே நிகழ்ந்ததொன்று பிற்காலத் திரையுலகின் போக்கையே மாற்றியது. பயோகிராப் கம்பெனி தன் நடிகர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை. மக்கள் 'பயோகிராப் பெண்' என்று மட்டும் அறிந்திருந்த பிளாரன்ஸ் லாரன்சு என்னும் நடிகையை லெம்லி தம் கம்பெனிக்கு ஈர்த்துக்கொண்டார். 1910 மார்ச்சில், அந்நடிகை இறந்துவிட்டதாகப் பரவிய செய்தி பொய்யென்று மறுத்து, அவர் பெயரைத் துலக்கமாகப் பொறித்து விளம்பரம் செய்தார். அவ்வதந்தியைக் கிளப்பியவரே லெம்லிதான் என்று கருதுவோர் பலர். சரக்கின் மீது பெயர் பொறித்தால் விலை கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்ற அளவில் நாம் அமையலாம்.

1912-இல் லெம்லியின் கம்பெனியும் பவர்ஸ், ரெக்ஸ், நெஸ்டர், சாம்பியன் முதலிய பிற கம்பெனிகளும் இணைந்து யுனிவர்சல் உருவாயிற்று. தெருவிற் சென்ற வண்டியொன்றில் 'யுனிவர்சல்' என்று ஒரு குழாய் வணிகரின் பெயர்ப்பலகை இருக்கக் கண்டு லெம்லி அப்பெயரைச் சூட்டினார் என்பது செவிவழிச் செய்தி. இணைந்த கம்பெனிகளுள் நெஸ்டர், 1911 அக்டோபரில் ஹாலிவுட் ஊருக்குள்ளேயே முதன்முதல் படப்பிடிப்பு நிலையம் அமைத்தது. ஆகவே ஹாலிவுட்டின் முதல் நிலையமும் யுனிவர்சலின் சொத்தாயிற்று. பின்னர்க் குன்றுகளுக்கு அப்பால், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 230 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கி, 1915 மார்ச் 15-ஆம் நாள் 'யுனிவர்சல் சிட்டி' என்ற படநகரைத் திறந்தனர். 25 சென்ட் கொடுத்த எவரும் படப்பிடிப்பை மேடையில் அமர்ந்து காணலாம். படமோ ஊமைப்படம்; பார்வையாளர் ஆரவாரித்தாலும் கேடில்லை. படம் எடுக்கும் செயலையே ஒரு சரக்காக விற்ற அவ்வேற்பாடு பேசும்படம் வந்ததும் நின்றது. 1964-இல் வேறு உருவில் மீண்டும் தொடங்கி இன்றளவும் பெரும்பொருள் ஈட்டி வருகிறது.

கூட்டமைப்போடு நிகழ்ந்த போரின் முடிவைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். திரைப்பட வரலாற்று நூல்கள் இதனை ஓரிரு வரிகளிற் கூறிச் செல்கின்றன. யுனிவர்சலின் நிலைத்த எச்சம் இதுவே என்பது எம் துணிபு. புரொஜெக்டரில் படச்சுருள் வெட்டி வெட்டி இழுபடுவதால் அறுந்துபோகாதிருக்க, அதனைச் சிறிது தளர்வாக ஒரு வளையம்போல் விட்டு ஓட்டுவர். 'லேதம் வளையம்' எனப்படும் இவ்வமைப்பின் காப்புரிமை கூட்டமைப்பிடம் இருந்தது. அவ்வமைப்புடைய பொறிகளின் மீது, உரிமம் பெற்ற படங்களை மட்டுமே இப்பொறியில் ஓட்டலாம் என்று தகட்டிற் பொறித்து விற்றனர். நியூயார்க்கு நகரின் 72-ஆம் தெருவில் இருந்த ஒரு கொட்டகை, அத்தகைய பொறியில் யுனிவர்சலின் படங்களை ஓட்டியது. கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது.

வினா எளியது. பொறியைச் செய்தவன் அதனை விற்ற பின்னும், அதில் எப்பொருளை இடவேண்டும் என்று ஆணையிடலாமா? 1912-ஆம் ஆண்டில் படியெடுக்கும் பொறி ஒன்றைப் பற்றிய வழக்கில், பொறியோடு தம் மையையும் தாளையுமே வாங்க வேண்டும் என விற்றவர் விதித்த கட்டுப்பாட்டை அதே உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1917 ஏப்ரல் 9-ஆம் நாள், அத்தீர்ப்பை அதுவே மாற்றியது. காப்புரிமை புதுப்புனைவை மட்டுமே காக்கும். பொறியினுள் ஓடும் படத்தின் மீது அதற்கு ஆட்சியில்லை என்று நீதிபதி கிளார்க் தீர்ப்புரைத்தார். ஹோம்ஸ் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர். 1915 அக்டோபரிலேயே கீழ் நீதிமன்றமொன்று கூட்டமைப்பைச் சட்டத்திற்கு மாறானதென அறிவித்துவிட்டமையால், 1917-இன் தீர்ப்பு வீழ்ந்துகொண்டிருந்த பகைவன் மீது விழுந்த அடியே ஆகும். எனினும் அதன் பயன் திரைப்படத்தைக் கடந்து நிற்கிறது. 2017-இல் அச்சுப்பொறியின் மைக்கூடுகளைப் பற்றிய வழக்கு அந்நீதிமன்றத்தின் முன் வந்தபோதும், விற்ற பொருளின் மீது காப்புரிமையாளர்க்கு ஆட்சி நீடிப்பதில்லை என்றே முடிவாயிற்று.

விற்ற பொருள் வாங்கியவனுடையது என்பது வணிகரின் நியாயம். அந்நியாயமே லெம்லிக்கு வெற்றி தந்தது. அதே கண்கொண்டு அவர் தம் படங்களையும் நோக்கினார். போட்டிக் கம்பெனிகள் பெருநகரங்களில் மாளிகை போன்ற அரங்குகளை வாங்கிக் குவித்த காலத்தில், யுனிவர்சல் பெரும்பாலும் சிற்றூர்க் கொட்டகைகளுக்கு வாரந்தோறும் படத்தொகுதிகளை அனுப்பிப் பிழைத்தது. நகைச்சுவைத் துணுக்குகள், தொடர்படங்கள், செய்திப்படங்கள் யாவும் அத்தொகுதியில் இருக்கும். நெடும்படங்களைத் துணி வகைபோலத் தரம் பிரித்தனர். குறைந்த செலவினவை 'ரெட் பெதர்', நடுத்தரமானவை 'புளூபேர்டு', உயர்ந்தவை 'ஜூவல்' எனப்பட்டன.

இவ்வளவு சரக்கு வேண்டியிருந்தமையால் எடுக்க ஆளும் வேண்டியிருந்தது. 1912-க்கும் 1919-க்கும் இடையில் யுனிவர்சலில் 11 பெண்கள் குறைந்தது 170 படங்களை இயக்கினர். அந்நாளில் வேறெந்தக் கம்பெனியும் இதற்கு அருகில் வரவில்லை. அவருள் தலையாயவர் லோய்ஸ் வெபர். ஒரு சோடி காலணிக்கும் வழியின்றித் தவிக்கும் கடைப்பெண்ணின் கதையை 'ஷூஸ்' என்ற பெயரில் 1916-இல் எடுத்தவர் அவரே. இஃது உயர்ந்த கொள்கையால் விளைந்ததன்று என்பார் உளர். இருக்கலாம், ஆயினும் கொள்கை பேசிய கம்பெனிகள் செய்யாததை இது செய்தது. 1920-க்குப் பின் அவ்வாயில் அடைபட்டது. படமொன்றுக்குச் செலவு பெருகப் பெருக, பணத்தை நம்பி ஒப்படைக்கும் வட்டமும் சுருங்கிற்று.

பிற்பகுதியைச் சுருங்கச் சொல்லலாம். 1923-இல் 'ஹஞ்ச்பேக் ஆப் நோத்ர தாம்', 1930-இல் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் பிரன்ட்', 1931-இல் 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' ஆகியவை யுனிவர்சலுக்குப் பெரும்புகழ் தந்தன. இவற்றுள் 1930-இன் போரெதிர்ப்புப் படத்தை, அவ்வாண்டு டிசம்பரில் பெர்லின் அரங்கில் கோயபல்சின் ஆட்கள் எலிகளை ஓடவிட்டுக் கலைத்தனர். சில நாட்களில் அந்நாட்டார் படத்தையே தடை செய்தனர். பிறந்த நாட்டில் இந்நிலை கண்ட லெம்லி, பின்னாளில் தம் சொந்தப் பொறுப்பில் உறுதிப்பத்திரங்கள் எழுதிக்கொடுத்து 300-க்கு மேற்பட்ட யூதர் அமெரிக்கா வந்து உயிர் பிழைக்கத் துணைநின்றார். 1936-இல் கடனுக்கு ஈடாகக் கம்பெனியை இழந்தார், 1939-இல் மறைந்தார்.

1948-இல், அவர் கையினின்றும் நீங்கிய கம்பெனி, எஞ்சியிருந்த தன் ஊமைப்படங்களுட் பெரும்பாலானவற்றை அழித்தது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், காப்பதற்குச் செலவு மிகுதி, படமோ விலைபோகாது. சுருளிலுள்ள வெள்ளியை உருக்கியெடுத்தால் சிறிது பணமேனும் தேறும். இச்செயலைப் புதிய முதலாளிகளின் மேல் மட்டும் ஏற்றுவது பொருந்தாது. வாரச் சரக்காகக் கருதி எடுக்கப்பட்டது, வாரம் கழிந்ததும் பழைய சரக்காயிற்று. பிற கம்பெனிகளின் நிலையும் பெரிதும் வேறன்று. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளிவந்த 10,919 நெடும்படங்களுள் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 1,575 மட்டுமே என்று அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

மறைந்துபோன நூலின் இயல்பை உரையாசிரியர் காட்டும் மேற்கோள்களைக் கொண்டு உய்த்துணரும் முறை நமக்குப் புதிதன்று. யுனிவர்சலை ஆராய்வோரும் அவ்வழியே செல்ல வேண்டியிருக்கிறது. கம்பெனி நடத்திய 'மூவிங் பிக்சர் வீக்லி' இதழ், நீதிமன்ற ஆவணங்கள், அயல்நாட்டாரின் குறிப்புகள் ஆகியவையே பெரும்பான்மைச் சான்றுகள். புளூபேர்டு படங்கள் அமெரிக்காவில் மறக்கப்பட்டன. ஆனால் ஜப்பானில் அவை அந்நாட்டுத் திரைக்கலையைச் சீர்திருத்த முனைந்தோர்க்கு முன்மாதிரியாய் விளங்கின. படத்தை அதன் நிழலால் அறியும் நிலை அங்குண்டு. 'ஷூஸ்' படமும் நெதர்லாந்துக் காப்பகத்திற் கிடைத்த படியாலேயே இன்று நம் கண்ணுக்கு எட்டுகிறது. 2015-இல் கம்பெனியும் தன் ஊமைப்படங்கள் சிலவற்றைச் செப்பஞ்செய்ய முன்வந்தது.

இன்னொரு புதையல் 1978-இல், கனடாவின் வடகோடியிலுள்ள டாசன் நகரத்திற் கிடைத்தது. படச்சுருள்கள் கொட்டகை கொட்டகையாகச் சென்று கடைசியாக வந்து சேரும் ஊர் அது. திருப்பியனுப்பும் கூலிக்கும் பெறா என்று கருதியமையால் படமுதலாளிகள் அவற்றை அங்கேயே விட்டனர். ஊரார் 1929-இல் அச்சுருள்களைக் கைவிடப்பட்ட நீச்சற்குளமொன்றில் இட்டு மண்மூடினர். உறைபனி நிலம் அவற்றைக் காத்தது. அங்ஙனம் தோண்டியெடுக்கப்பட்ட 533 சுருள்களுள், லான் சானி நடித்த யுனிவர்சலின் ரெட் பெதர் படமாகிய 'இப் மை கன்ட்ரி ஷுட் கால்' (1916) முழுமை பெறாத நிலையில் இருந்தது. ஓரங்களில் நீர் அரித்த வெண்கறை படர்ந்திருக்கிறது. உருவங்களை இன்னும் அடையாளம் காணலாம்.