தோலைத் தூய்மையாக்கும் தொழில் தண்ணீரைக் கெடுக்கலாமா?

கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் தாம்பரத்தைத் தாண்டியதும் குரோம்பேட்டையில் நிற்கும். ஆங்கிலேயர் காலத்தில் அங்கு இயங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் அந்த ஊருக்குப் பெயர் தந்தது. பக்கத்திலுள்ள பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது.

தமிழக முஸ்லிம்களுக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவு நெடியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் வணிகத்தின் வருமானம் பள்ளிவாசல்களாகவும் மதரஸாக்களாகவும் கல்லூரிகளாகவும் மாறியது. மேல்விஷாரம் கல்லூரிக்குப் பெயர் தந்த சி. அப்துல் ஹக்கீம் அவர்களும் தோல் வணிகர்தான்.

ஆனால் அதே ஊர்களில் பாலாறும் கிணறுகளும் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு 5 மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கூடுவாஞ்சேரி அப்போது இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அவற்றில் ஒன்று. 1 கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனது என்றும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய வழக்குகளில் இதுவும் ஒன்று.

கழிவு எங்கிருந்து வருகிறது?

முன்பு ஆவாரம்பட்டை போன்றவற்றால் தோலைப் பதனிட்டார்கள். அதற்குப் பல நாட்கள் ஆகும். குரோமியம் உப்பு வந்தபின் வேலை விரைவாக முடிந்தது. ஆனால் வழக்கமான முறையில், போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்கும். மீதி கழிவுநீரில் போய்விடும். தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பும், பதனிடுவதற்கு முன் ஊறவைக்கும் உப்பும் அமிலமும் அதனுடன் சேர்கின்றன.

இதைச் சுத்திகரிக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நீரில் கரைந்த உப்பைப் பிரிப்பது எளிதல்ல. சவ்வு வழியாக அழுத்தி வடிகட்ட மின்சாரமும், எஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருளும் ஏராளமாகத் தேவை. தண்ணீரைக் காக்கும் செலவு மின்கட்டணமாகவும் புகையாகவும் திரும்புகிறது. சேரும் கழிவுச் சேறும் ஆபத்தானது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தொடக்கத்திலேயே குறைப்பது

ஆகவே கழிவு உண்டான பின் போராடுவதைவிட, உண்டாகாமல் தடுப்பதே மேல். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, தண்ணீர் சேர்க்காத குரோமியப் பதனிடல் முறை இதற்கு நல்ல சான்று. இதில் பதனிடும் கட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வேலைகள் தேவையில்லை. குரோமியத் தேவை 15 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது. இக்கட்டத்துக் கழிவுநீரில் கரைந்த உப்புகளும் 20 சதவீதம் குறைகின்றன. உப்பு குறைந்தால் அதைப் பிரிக்கும் மின்சாரமும் எரிபொருளும் மிச்சம்.

தோலில் சுரண்டி எடுக்கும் சதைக் கழிவையும் வீணாக்க வேண்டியதில்லை. மேல்விஷாரத்தில் அதிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. டிரம்களைச் சுழற்றும் மோட்டார்களைத் தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டுவது, வெந்நீருக்குச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது போன்றவை சிறு முதலாளிகளுக்கும் எட்டும் வழிகள்.

நம் வீட்டுப் பங்கு

குர்பானித் தோல் மதரஸாவுக்கோ அனாதை இல்லத்துக்கோ போவதோடு நம் பொறுப்பு முடிந்ததாக நினைக்கிறோம். கத்திக்கீறல் விழாமல் உரித்து, மண்ணில் இழுக்காமல், வெயிலில் போட்டுவைக்காமல், சில மணி நேரத்துக்குள் ஒப்படைத்தால் தோல் வீணாகாது. வீணான ஒவ்வொரு தோலும் இன்னொரு கழிவுதான். தோல் சேகரிக்கும் ஜமாஅத்துகள், வாங்கும் வியாபாரியிடம் அது எங்கே, எப்படிப் பதனிடப்படுகிறது என்று கேட்கலாம். ஊறப்போடும் முன் உப்பை உதறி எடுக்கிறார்களா என்பதும் நல்ல கேள்வியே.

பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்பதை ஃபிக்ஹ் பாடங்களில் படிக்கிறோம். பிறருக்குத் தீங்கு இழைக்கக் கூடாது, வீண்விரயம் கூடாது என்பனவும் நாம் படித்த மார்க்க நெறிகளே. தோல் தூய்மையாகி அடுத்த வீட்டுக் கிணறு ஒளூவுக்கும் உதவாமல் போனால் அது நிறைவான தொழிலாகாது. சுத்தமான உற்பத்தியைச் சட்டத்துக்குப் பயந்து செய்யும் செலவாகக் கருதாமல், ஹலாலான சம்பாத்தியத்தின் ஒரு பகுதியாகவே நம் தொழிலதிபர்கள் கருத வேண்டும். அப்போது இன்ஷா அல்லாஹ், அந்த வருமானத்தில் பரக்கத்தும் இருக்கும். நம் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் மிஞ்சும்.