தொப்பியும் மௌனமும்: தொடக்ககாலக் குவேக்கர் வழிபாட்டில் அகமும் புறமும்

சமயத்தை விட்டுவிட்டு ஆன்மிகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்து, இன்று நம் பல்கலைக்கழக வளாகங்களில் ஏறத்தாழப் பொதுப்புத்தியாகிவிட்டது. சடங்கு புறம், அனுபவம் அகம், புறம் உதிர்ந்தால் அகம் துலங்கும் என்பது அதன் சுருக்கம். இதற்குக் கிறிஸ்தவ வரலாற்றில் சான்று தேடுவோர் பெரும்பாலும் சுட்டுவது குவேக்கர்களை. திருமுழுக்கு இல்லை, திருவிருந்து இல்லை, குருவானவர் இல்லை, பீடம் இல்லை. ஓர் அறையில் கூடி மௌனமாக அமர்ந்திருப்பதே வழிபாடு. சான்று பொருத்தமானதுதான். ஆயினும் அவர்களது முதல் ஐம்பதாண்டு வரலாற்றைச் சற்று நெருங்கிப் படிப்பவருக்கு, அது அந்தச் சுருக்கத்துக்குள் அடங்காமல் திமிறுவது புலப்படும். அத்திமிறலைப் பற்றியதே இப்பதிவு. சற்று நீளும், பொறுத்தருள்க.

ஜார்ஜ் ஃபாக்ஸ் 1624-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பயின்றவர். 1643-இல் வீட்டைவிட்டு வெளியேறி, போதகர் போதகராகத் தேடி அலைந்தார். அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அச்சுத் தணிக்கை குலைந்து, ஆயர்களின் அதிகாரம் சரிந்து, படைவீரர்களும் கைவினைஞர்களும் வேதத்தைத் தாமே விளக்கத் தொடங்கியிருந்தனர். எந்தப் போதகரிடமும் கிட்டாத விடை, 1647-இல் தம் உள்ளத்திலேயே கிட்டியதாக ஃபாக்ஸ் பின்னர் பதிவு செய்தார்: கிறிஸ்துவே நேரடியாகப் பேசுகிறார், இடையில் யாரும் வேண்டுவதில்லை. கோயிற் கட்டடத்தைத் திருச்சபை என அழைக்க அவர் மறுத்தார். ‘கோபுர வீடு’ என்றே குறித்தார். வழிபாடு இந்த மலையிலும் அன்று, எருசலேமிலும் அன்று என்று சமாரியப் பெண்ணிடம் இயேசு கூறியதாக யோவான் நற்செய்தி சொல்லும் கூற்றை அவர் எழுத்துக்கு எழுத்து நம்பினார் எனலாம்.

1652-இல் அவர் வடக்கே வெஸ்ட்மோர்லண்டுக்குச் சென்றபோது, அங்கே ஏற்கெனவே எந்தத் திருச்சபையிலும் நிறைவு காணாத ‘தேடுவோர்’ குழுக்கள் கூடி, கடவுளின் சொல்லுக்காக மௌனமாகக் காத்திருக்கும் பழக்கத்தில் இருந்தன. ஆகவே மௌன வழிபாடு ஃபாக்ஸ் கண்டுபிடித்த ஒன்றன்று. காத்திருந்தவர்களிடம் அவர் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் அல்வர்ஸ்டனுக்கு அருகிலுள்ள ஸ்வார்த்மூர் இல்லத்தில், நீதிபதி தாமஸ் ஃபெல்லின் மனைவி மார்கரெட் ஃபெல் இவ்வியக்கத்தில் இணைந்தார். அவரின்றி இவ்வியக்கம் பத்தாண்டுகூடத் தாக்குப்பிடித்திருக்காது என்பது என் துணிபு. கடிதப் போக்குவரத்து, சிறைப்பட்டோருக்கான நிதி, புகலிடம் யாவும் அவ்வில்லத்தையே மையமாகக் கொண்டிருந்தன. பெண்கள் சபையில் பேசுவது வேதத்துக்கு உகந்ததே என வாதிடும் நூலை அவர் 1666-இல் வெளியிட்டார். அதை எழுதியது சிறையிலிருந்து.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘அகஒளி’ என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். உடனே சித்தர் பாடல்களையும் உபநிடதங்களையும் துணைக்கு அழைக்கிறோம். முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ‘கிறிஸ்துவின் ஒளி’ என்றே எழுதினர். அது மனிதனின் இயல்பான ஆன்மச் சுடர் அன்று, மனச்சாட்சியும் அன்று. குவேக்கர் இறையியலைக் கோவைப்படுத்திய ஸ்காட்லாந்தியர் ராபர்ட் பார்க்ளே, மனச்சாட்சியை விளக்குக் கூண்டுக்கும் ஒளியை அதனுள் எரியும் மெழுகுவர்த்திக்கும் ஒப்பிட்டார். கூண்டு நம்முடையது, சுடர் நம்முடையதன்று. மேலும், அந்த ஒளி முதலில் செய்யும் வேலை ஆறுதல் தருவதும் அன்று; ஒருவரின் பாவத்தை அவருக்கே காட்டிக்கொடுப்பது. நடுங்குவோர் என்னும் பொருள்படும் ‘குவேக்கர்’ என்ற பெயரே ஏளனமாக எழுந்தது. ஒப்பியல் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஒற்றுமையைச் சுட்டுமுன் இவ்வேறுபாட்டில் சற்றுத் தங்கிச் செல்வது நலம்.

சடங்கை விட்டவர்கள் புறத்தை விட்டார்களா என்றால், இல்லை. அவர்களைப் போலப் புறத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் அக்காலத்தில் வேறு எவருமில்லை. மேலோர் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தனர். தசமபாகம் கட்ட மறுத்து, மாடும் பாத்திரமும் ஜப்தி செய்யப்படுவதை ஏற்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, எவரையும் ஒருமையிலேயே விளித்தனர். அக்கால ஆங்கிலத்தில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல இரு வடிவங்கள் இருந்தன. வேலைக்காரனுக்கு நீ, பிரபுவுக்கு நீங்கள். குவேக்கர்கள் பிரபுவையும் நீதிபதியையும் நீ என்றனர். 1660-இல் ஃபாக்ஸும் தோழர் இருவரும் வெளியிட்ட ஒரு விந்தையான நூல், பல மொழிகளின் இலக்கணத்தைக் காட்டி ஒருவரைப் பன்மையில் விளிப்பது பொய் என வாதிட்டது. இலக்கண நூல் ஒன்று சமயப் போராட்ட நூலாகவும் அமைந்த அரிய நிகழ்வு அது.

இதன் கனம் ஆங்கில வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். முதியவர் ஒருவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் நீ என்றழைத்த தெருக்களும், தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கவைத்த ஊர்களும் நமக்கு அந்நியமல்ல. ஒரு பிரதிப்பெயரில் ஒரு சமூக ஒழுங்கே தங்கியிருக்கக்கூடும். நம் பக்தி மரபு இறைவனை உரிமையோடு நீ என்றது. ஆனால் ஊர்ப் பெரியவரை அவ்வாறு அழைக்க அது எவரையும் தூண்டவில்லை. குவேக்கர்கள் தூண்டினர், அதற்காகச் சிறை சென்றனர். 1670-இல் வில்லியம் பென்னும் வில்லியம் மீடும் லண்டன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் தலையில் தொப்பி இல்லை. அலுவலரைக் கொண்டு தொப்பியை அணிவிக்கச் செய்து, பின் அதைக் கழற்றாத குற்றத்துக்கு அபராதம் விதித்தது நீதிமன்றம். அவ்வழக்கில் நீதிபதி கேட்ட தீர்ப்பை வழங்க மறுத்த ஜூரிகளும் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான புஷெலின் வழக்கில், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கலாகாது என்ற கொள்கை நிலைபெற்றது. அது தனிக் கதை.

இனி, இவ்வரலாற்றின் கடினமான இடத்துக்கு வருகிறேன். கடவுள் ஒவ்வொருவர் உள்ளத்திலும் நேரே பேசுகிறார் என்றால், பேசியது கடவுள்தான் என்பதை யார் உறுதிசெய்வது?

ஜேம்ஸ் நெய்லர் நாடாளுமன்றப் படையில் பணியாற்றியவர்; 1650-களின் நடுவில் லண்டனில் ஃபாக்ஸுக்கு நிகரான, சிலர் கணிப்பில் மேலான, புகழ் பெற்றிருந்த பேச்சாளர். அவரைச் சூழ்ந்த சிலர், குறிப்பாக மார்த்தா சிமண்ட்ஸ், அவரை மிகையாக உயர்த்தத் தொடங்கினர். 1656 செப்டம்பரில் எக்ஸிட்டர் சிறையில் இருந்த நெய்லரை ஃபாக்ஸ் சந்தித்தார். நல்லிணக்கமாக முத்தமிட வந்த நெய்லரை ஏற்காமல், தம் காலை நீட்டினார் என்கிறது வரலாறு. மனிதருக்கு மனிதர் வணங்குவதில்லை என்று தொப்பியைக் கழற்றாத மரபின் தலைவர் செய்த செயல் இது என்பதை நினைவில் கொள்க. அடுத்த மாதம், கொட்டும் மழையில் நெய்லர் குதிரைமீது பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். உடன் வந்தோர் ‘பரிசுத்தர்’ எனப் பாடினர். கிறிஸ்து எருசலேமுக்குள் நுழைந்ததன் மறுநிகழ்வு அது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தாம் கிறிஸ்து என்று தாம் கோரவில்லை, கிறிஸ்து எல்லாரிலும் வருகிறார் என்பதற்கு இது ஓர் அடையாளமே என்று நெய்லர் விளக்கினார். அக்காலக் குவேக்கர்கள் சிலர், பிறரின் ஆன்மிக அம்மணத்தைச் சுட்டும் அடையாளமாக ஆடையின்றித் தெருவில் நடந்ததுண்டு. அச்சூழலில் அவர் விளக்கம் பொருளற்றதன்று.

நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. டிசம்பரில் பல நாள் விவாதம் நடந்தது. மரணதண்டனைக்கு ஆதரவாக 82 வாக்குகளும் எதிராக 96 வாக்குகளும் விழுந்தன. உயிர் தப்பிய நெய்லருக்குக் கிடைத்தவை: கழுமரச் சட்டகத்தில் நிறுத்தல், தெருக்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட கசையடி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாவில் துளை, தெய்வநிந்தனையாளர் என்பதற்கான முதலெழுத்து நெற்றியில் சூட்டுக்குறியாக. பின்னர் பிரிஸ்டலுக்கே கொண்டுசென்று குதிரையில் பின்னோக்கி அமர்த்தி ஊர்வலம், அதன்பின் சிறை. நாடாளுமன்றம் எந்த அதிகாரத்தால் ஒரு நீதிமன்றமாகச் செயல்பட்டது என்று கிராம்வெல்லே வினவினார். 1659-இல் விடுதலையான நெய்லர் ஃபாக்ஸோடு ஒருவாறு இணக்கமானார். 1660-இல் வீடு திரும்பும் வழியில் வழிப்பறிக்கு ஆளாகி இறந்தார். சிறைக்குப் பிந்தைய அவருடைய எழுத்துகளின் கனிவும் தாழ்மையும், ஃபாக்ஸின் எந்தப் பக்கத்திலும் எனக்குக் கிட்டியதில்லை.

நெய்லர் பிரிஸ்டலில் நுழைந்த மறுமாதமே, யார்க்‌ஷயரின் பால்பியில் கூடிய மூப்பர்கள் கூட்ட ஒழுங்குக்கான அறிவுரைகளை வரைந்தனர். விதியாகப் பின்பற்ற இவற்றைத் தரவில்லை, எழுத்து கொல்லும் ஆவியே உயிர்ப்பிக்கும் என்னும் பொருள்படும் பின்குறிப்போடு அது முடிகிறது. விதி வகுத்துவிட்டு, இது விதியன்று என்று எழுதவேண்டிய அந்த இக்கட்டை நான் நகைப்புக்குரியதாகக் காணவில்லை. அவ்வியக்கத்தின் உயிர்நாடியே அங்கேதான் துடிக்கிறது.

ஜான் பெரட் என்பவர் அந்த இக்கட்டை இறுதிவரை இழுத்துச் சென்றார். போப்பாண்டவருக்கே உண்மையை உணர்த்தப் புறப்பட்டு, ரோமில் சித்தப்பிரமை பிடித்தோருக்கான காப்பகத்தில் அடைபட்டு, 1661-இல் மீண்டவர் அவர். குவேக்கர்கள் மனிதர் முன் தொப்பியைக் கழற்றுவதில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் செபிக்கும்போது கடவுளுக்குரிய மரியாதையாக ஆண்கள் கழற்றினர். பெரட் கேட்டார்: ஆவியானவர் ஏவாதபோது வழக்கத்துக்காகக் கழற்றுவதும் மனிதர் வகுத்த சடங்குதானே? இன்ன நாளில் இன்ன நேரத்தில் கூடுவதும் அத்தகையதுதானே? தருக்க முறையில் இதற்கு மறுப்பு இல்லை. ஃபாக்ஸ் வன்மையாகக் கண்டித்தார். குறித்த வேளையில் கூடுவதும் சடங்கென்று ஒதுக்கினால், 1662-இன் குவேக்கர் சட்டமும் 1664-இன் கூட்டத் தடைச் சட்டமும் செய்ய முயன்றதைக் குவேக்கர்கள் தாமே செய்து முடித்திருப்பார்கள் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். பெரியவர்கள் சிறையிலிருந்தபோதும் கூட்டம் நின்றுபோகாமல் இருந்ததே அச்சட்டங்களுக்கு அவர்கள் தந்த விடை.

பார்க்ளேயின் ‘அப்பாலஜி’ 1676-இல் லத்தீனிலும் 1678-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வழிபாட்டைப் பற்றி அவர் எழுதும் பகுதியில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வாதங்கள் தம்மை இவ்வழிக்குக் கொணரவில்லை; மௌனமாகக் கூடியிருந்தோரிடையே அமர்ந்தபோது தம்மைத் தொட்ட ஒரு மறைவான ஆற்றலே கொணர்ந்தது என்கிறார். தனியே குகையில் கிட்டும் அனுபவத்தை அவர் பேசவில்லை. பலர் கூடியிருக்கும் மௌனம் அது. ஒருவர் எரியும்போது அருகிருப்பவரும் பற்றிக்கொள்ளும் மௌனம். நிர்வாகக் கூட்டங்களிலும் இதே முறை. வாக்கெடுப்பு இல்லை, கூட்டத்தின் உள்ளுணர்வு எதுவெனக் கணித்து எழுத்தர் பதிவு செய்வார். தனிமனித அகத்தைச் சோதிக்கும் உரைகல்லாகக் கூட்டத்தின் அகம் அமைந்தது.

அவ்வுரைகல்லும் தேய்ந்தது. எளிமை என்பது நூற்றாண்டு முடிவதற்குள் குறிப்பிட்ட நிறத்தில் குறிப்பிட்ட வெட்டில் அமைந்த உடையாயிற்று. ஏறத்தாழ 86 வயதில், 1700-இல், மார்கரெட் ஃபெல் இதைச் சினந்து எழுதினார்; எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்தவேண்டும் என்பது அவருக்கு அற்பமான நற்செய்தியாகப் பட்டது. எவரும் பெரிதாகச் செவிமடுக்கவில்லை. 1737-இல் ஏழைகளைப் பேணும் பொறுப்பு எந்தக் கூட்டத்துக்குரியது என வரையறுக்கப்போய், பெற்றோரின் உறுப்புரிமை பிள்ளைகளுக்குத் தானே வந்துசேரும் வழக்கம் நிலைபெற்றது. அகத்தின் அழைப்பால் மட்டுமே சேரவேண்டிய குழாம், பிறப்பால் சேரும் குழாமாயிற்று.

அடிமைமுறையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்ட கண்டனம் எழுந்தது. மேல்மட்டக் கூட்டங்கள் அதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளி, இறுதியில் கிடப்பில் போட்டன. குவேக்கருள் செல்வர் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். அடிமை உடைமையாளரை இடைவிடாது சாடிய பெஞ்சமின் லே 1738-இல் விலக்கப்பட்டார். ஜான் வுல்மன் வீடு வீடாகச் சென்று, குரலை உயர்த்தாமல் பேசினார். பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாது என முடிவெடுத்தது 1776-இல். இடைப்பட்ட 88 ஆண்டுகளும் அதே மௌனத்தில்தான் அமர்ந்திருந்தனர். அதே ஒளிக்குத்தான் காத்திருந்தனர். மற்றத் திருச்சபைகளை முந்தினர் என்பதும் உண்மை. நால்வர் கண்டதைக் கூட்டம் காண முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது என்பதும் உண்மை.

இந்தியாவுக்கு இம்மரபு மிஷனாகவே வந்தது. 1866-இல் ரேச்சல் மெட்காஃப் வந்தார். பின்னர் நர்மதைக் கரையின் ஹோஷங்காபாத் அவர்களின் முதன்மை நிலையமாயிற்று. ஞானஸ்நானமே மதமாற்றத்தின் பொது அடையாளமாக, சாதியிலிருந்து விலக்கப்படும் கணமாக, நீதிமன்றச் சான்றாகவும்கூட நின்ற நாட்டில், ஞானஸ்நானம் தராத ஒரு மிஷன்! இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றை ஆராய்வோர் இதை இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்றே எண்ணுகிறேன். இத்துறையில் அடிப்படையான நூல், 1928-இல் சென்னை வேப்பேரியின் பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, இந்தியாவில் வாழ்ந்த காலத்திலேயே குவேக்கராகி, சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணியாற்றிய மார்ஜரி சைக்ஸ் 1980-இல் வெளியிட்டது. ‘இந்தியாவில் குவேக்கர்கள்’ என்பது அதன் தலைப்பு. ‘மறக்கப்பட்ட ஒரு நூற்றாண்டு’ என்பது துணைத்தலைப்பு.