படம் முடிந்த பிறகு: ரிங்கு சிங், தினேஷ் படேல்

2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் நம்மவர்க்குப் பெரும்பாலும் ஏ.ஆர். ரகுமானின் இசையால் அறிமுகமானது. உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர் இளைஞர் இருவர் அமெரிக்கா சென்று பேஸ்பால் வீரர்களாக ஒப்பந்தமாகும் கதை அது. ஒப்பந்தத்தோடு படம் நிறைவடைகிறது. அவர்களுடைய ஆட்ட வரலாறோ அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. நாம் இங்குப் பேச விரும்புவது அப்பகுதியைத்தான்.

முன்கதை சுருக்கமானது. பதோஹியைச் சேர்ந்த ரிங்கு சிங்கும் வாரணாசிப் பக்கத்துத் தினேஷ் படேலும் ஈட்டி எறிபவர்கள். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் பயின்றவர்கள். அமெரிக்க முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் நடத்திய பந்தெறியும் போட்டியில் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 2008-இல் ரிங்கு முதலிடமும் தினேஷ் அடுத்த இடமும் பெற்றனர். அதுவரை பேஸ்பாலைக் கையில் தொட்டறியாத இருவருக்கும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் சில மாதங்கள் பயிற்சியளித்தார். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

ஆனால் அவர்கள் சேர்க்கப்பட்டது பிட்ஸ்பர்க் அணியில் அன்று. அதன் கீழுள்ள மைனர் லீக் ஏணியின் அடிப்படியில். தொலைக்காட்சியில் காணும் பெரிய அணிகள் ஒவ்வொன்றின் கீழும் பயிற்சி அணிகள் பல அடுக்குகளாக உள்ளன. ஏறுவோர் மிகச் சிலர்; ஓரிரு பருவங்களில் கழித்துவிடப்படுவோரே பலர். ஊதியமும் சொற்பம். இவ்வீரர்களுக்குத் தொழிற்சங்கப் பாதுகாப்பு கிடைத்ததே 2022-இல்தான்.

2009 ஜூலையில், புளோரிடாவின் வளைகுடாக் கடற்கரை லீக்கில், அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டமொன்றில் வெற்றி தன் கணக்கில் பதிவான முதல் இந்தியர் ஆனார் ரிங்கு. தினேஷுக்கும் முதற்பருவம் நன்றாகவே அமைந்தது. அடுத்த பருவத்தில் எதிரணியினர் அவர் பந்துகளை அடித்து நொறுக்கினர். 2010 இறுதியில் அணி அவரை விடுவித்தது, ஊர் திரும்பினார்.

ரிங்கு நிலைத்தார். மேற்கு வர்ஜீனியா பவர் அணிக்காக 2012-இல் 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் பந்தெறிந்து, 65 பேரை அடிக்கவிடாமல் வெளியேற்றினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்தது சராசரியாக மூன்று ஓட்டங்கள். இருபது வயதை ஒட்டி ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியவருக்கு இது வியப்புக்குரிய கணக்கு என்றே கருதுகிறோம். ஆனால் அதுவே அவருடைய கடைசிப் பருவமாகவும் அமைந்தது. ஈட்டி எறிபவர் ஒரு போட்டியில் எறிவது ஆறு முறை. பந்தெறிபவரோ பருவம் முழுதும், நாள் விட்டு நாள், ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்தாக வேண்டும். அந்தச் சுமையை முழங்கைத் தசைநார் தாங்குகிறது. ரிங்குவின் முழங்கை தாங்கவில்லை. அறுவைச் சிகிச்சை, ஓய்வு, மீண்டும் காயம் என ஆண்டுகள் கழிந்தன. 2018-இல் அவர் காட்சி மல்யுத்த நிறுவனமொன்றில் சேர்ந்து, பின்னர் 'வீர் மகான்' என்ற பெயரில் மேடையேறினார்.

தகடூர் எனப் பழம்பெயர் கொண்ட எங்கள் தருமபுரிப் பகுதியில் நடுகற்கள் ஏராளம். அவற்றில் அரசன் பெயர் ஆட்சியாண்டைக் குறிக்க மட்டுமே வரும். கல் நிற்பதோ தொறு மீட்கப் போய்ப் பட்ட ஏதோ ஒரு சேவகனுக்காக. அவன் யாருடைய ஆள், எந்தப் பூசலில் வீழ்ந்தான் என்பது வரை இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிடுவர். பேஸ்பாலுக்கும் இந்த வழக்கம் உண்டு. அடிமட்ட லீக்கில் ஒரே ஒரு பந்து எறிந்தவன் பெயரும் ஆண்டு, அணி, கணக்கோடு ஏட்டில் இருக்கும். நம் மாவட்டக் கிரிக்கெட், கபடி வீரர்களுக்கு இப்படி ஓர் ஏடு இல்லாதது எங்களை உறுத்துகிறது. இரண்டே பருவம் ஆடித் திரும்பிய தினேஷுக்கு அந்த ஏட்டில் இரண்டு வரிகள் உள்ளன. முதல் வரி நல்ல வரி.