நகரத் திருச்சபையின் மறுமலர்ச்சி: தாமஸ் சால்மர்ஸின் வட்டாரத் திருப்பணி (1819–1847)

முன்னுரை

தொழிற்புரட்சிக் காலத்தில் நகரங்கள் வளர்ந்த வேகத்திற்குச் சீர்திருத்தத் திருச்சபைகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1801இல் ஏறத்தாழ 77,000ஆக இருந்த மக்கள்தொகை, 1821இல் ஏறத்தாழ 1,47,000ஆக உயர்ந்தது. ஆலய இருக்கைகளுக்கு வாடகை பெறும் வழக்கமும் ஏழைத் தொழிலாளரை வழிபாட்டிலிருந்து விலக்கியது. இச்சூழலில் போதகர் தாமஸ் சால்மர்ஸ் (1780–1847) மேற்கொண்ட இரு முயற்சிகளின் திருமறை அடிப்படையையும் அவற்றின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பரிசுத்த யோவான் சேகரம்

1819இல் சால்மர்ஸ் கிளாஸ்கோவின் பரிசுத்த யோவான் சேகரத்திற்குப் போதகரானார். ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த அச்சேகரத்தை 25 வட்டாரங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆன்மிகப் பணிக்கு ஒரு மூப்பரும், ஏழையர் நலனுக்கு ஓர் உதவிக்காரரும் அமர்த்தப்பட்டனர். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பெரிதும் வழக்கொழிந்திருந்த உதவிக்காரர் பதவி இவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது. பந்தி விசாரணைக்கு எழுவரைத் தெரிந்துகொண்ட செய்தி (அப்போஸ்தலர் நடபடிகள் 6) இப்பதவியின் தோற்றமாக மரபுவழி கொள்ளப்படுகிறது. வறியோருக்கான வரியை நாடாமல், ஆலயக் காணிக்கையைக் கொண்டே ஏழையரைப் பேணுவது அவரது திட்டமாகும்.

வெஸ்ட் போர்ட் பணி

1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுற்றது. அதன் பின்னர், 1844இல் எடின்பரோ நகரின் வெஸ்ட் போர்ட் பகுதியில் சால்மர்ஸ் தம் முறையை மீண்டும் செயற்படுத்தினார். அங்குக் கணக்கெடுக்கப்பட்ட 411 குடும்பங்களுள் 45 சீர்திருத்தச் சபைகளையும் 70 கத்தோலிக்கத் திருச்சபையையும் சார்ந்திருந்தன. எஞ்சிய 296 குடும்பங்களுக்கு எந்தச் சபையோடும் தொடர்பில்லை. மக்கள் ஆலயத்தை நாடி வருவர் எனக் காத்திராமல், அவர்களைத் தேடிச் செல்வதே திருப்பணி என்பது அவரது கொள்கை. பணியாளர் வீடுதோறும் சென்றனர். பள்ளியும் வழிபாடும் தொடங்கப்பெற்றன. 1847 பிப்ரவரியில் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் சால்மர்ஸ் மறைந்தார்.

மதிப்பீடு

பரிசுத்த யோவான் சேகரத்தின் வறியோர் நலத் திட்டம் 1837இல் கைவிடப்பட்டது. தொழில் மந்தத்தால் விளைந்த வறுமை, ஒரு சேகரத்தின் காணிக்கைக்குள் அடங்குவதன்று. 1845ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து வறியோர் சட்டம் அரசின் பொறுப்பை விரிவாக்கியது. இது சால்மர்ஸின் நோக்கிற்கு எதிர்த்திசையில் அமைந்தது.

இங்குத் திருமறைச் செய்தியோடு ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. கிரேக்க மொழி பேசியோர், தம் விதவைகள் அன்றாட விசாரணையில் புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்டமையே எழுவரின் நியமனத்திற்குக் காரணம். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. ஆகவே, முறையிட்ட தரப்பினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதெனக் கருத இடமுண்டு. சால்மர்ஸின் உதவிக்காரர்களோ பெரும்பாலும் வசதி படைத்த நடுத்தர வகுப்பினர். திருமறையின் பதவியை அவர் மீட்டெடுத்தார். அப்பதவிக்குக் காரணமான முறையீட்டிற்கு அவரது அமைப்பில் உரிய இடம் கிட்டவில்லை.

முடிவுரை

தேடிச் செல்லுதல், சிறு வட்டாரத்தை அறிதல், பொதுநிலையினரோடு பணியைப் பகிர்தல் ஆகிய மூன்றும் சால்மர்ஸின் நிலைத்த பங்களிப்புகளாகும். எனினும், நலிவுற்ற நகரத் திருச்சபையின் மறுமலர்ச்சி எத்தனை வீடுகளுக்குப் பணியாளர் சென்றனர் என்பதால் மட்டும் அளக்கப்படுவதன்று. அவ்வீட்டார் சபையின் பொறுப்புகளில் எவ்வளவு இடம்பெற்றனர் என்பதும் அதன் அளவுகோலாகும் என்பது இவ்வாய்வின் முடிவாகும்.